செங்கழுத்தி வளர்த்த ஆமை

ஆலங்காட்டுக் குளத்தில் செங்கழுத்தி என்ற முக்குளிப்பான் பறவையும் அவள் கணவன் கூர்மூக்கனும் மிதக்கும் கூடு கட்டி வாழ்ந்தார்கள். முக்குளிப்பான்கள் தங்கள் குஞ்சுகளைக் கூட்டில் தனியே விட்டுப் போவதில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டுதான் குளம் முழுக்கச் சுற்றும். ஆனால் அந்தக் கோடையில் செங்கழுத்தியின் முதுகு வெறுமையாக இருந்தது. அவள் இட்ட முட்டைகளை எல்லாம் ஒரு தண்ணீர்ப்பாம்பு விழுங்கிவிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இரை இறங்கவில்லை. நீந்திக்கொண்டே இருப்பாள், சட்டென்று நின்று தன் முதுகைத் திரும்பிப் பார்ப்பாள்.

பெரிய ஏரியிலிருந்து அந்தக் குளத்துக்கு ஒரு வாய்க்கால் வரும். கோடையில் அது காய்ந்து கிடந்தது. அதன் வாயில், சேற்றில் ஏதோ நெளிவதைச் செங்கழுத்தி ஒருநாள் கண்டாள். தேங்காய் மூடி அளவுக்கு ஒரு குட்டி ஆமை!

"யாருப்பா நீ? இங்கே எப்படி மாட்டிக்கிட்டே?"

"ஏரியிலிருந்து வந்தேன், அத்தை. தண்ணி வத்திப்போச்சு, திரும்பிப் போக முடியலை. ஆனா கிட்ட வராதீங்க! நான் கடிக்கிற ஆமை!"

"கடிப்பியா? எதுக்குக் கடிக்கணும்?"

"கோபமெல்லாம் இல்லை, அத்தை. வாய்க்கு முன்னால எது அசைஞ்சாலும் என் வாய் தானா மூடிக்குது. மூடினா லேசுல திறக்காது. நான் என்ன செய்ய?"

செங்கழுத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்ன மிரட்டு மிரட்டுறே! இந்தா, இதைக் கவ்வு!"

ஒரு தாமரைத் தண்டை நீட்டினாள். ஆமை கவ்வியது. தண்ணீரில் நின்றபடியே இழுத்து இழுத்து, ஒரு வழியாக அவனைக் குளத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தாள்.

கூர்மூக்கன் பார்த்தான். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடிக்கிற ஆமையையா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கே?"

"ஏங்க, குட்டிங்க! பாவமா இருக்குங்க! நாமளே வளர்க்கலாம்."

பக்கத்துக் கோரைப் புதரில் குடியிருந்த நாமக்கோழி வெண்ணெற்றி, யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"ஏண்டி, வளர்க்க உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா? ஒரு நத்தை, ஒரு தவளை? நாளைக்கு இது பெருசாகும். நீ பெருசாக மாட்டே!"

"அன்பா வளர்த்தா எதுவும் மாறும், அக்கா! நீங்க வேணா பாருங்க!"

கூர்மூக்கன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அதை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சரி. மழை வந்ததும் வாய்க்கால்ல தண்ணி ஓடும். அன்னிக்கே இவனை ஏரிக்கு அனுப்பிடணும். சத்தியம் பண்ணு!"

"சத்தியமா அனுப்பிடறேங்க!"

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளைக்குக் கண் படக்கூடாது என்று குப்பை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் பெயர் வைப்பார்கள் அல்லவா? செங்கழுத்தியும் ஆமைக்கு மண்ணாங்கட்டி என்றே பெயர் வைத்தாள். வாய் நிறையக் கூப்பிட்டாள்.

தினமும் காலையில் மீன் பிடித்து வருவாள். கூட்டின் ஓரத்தில் நின்று, "மண்ணாங்கட்டி!" என்பாள். மீனைத் தண்ணீரில் 'பொத்'தென்று போடுவாள். அடியிலிருந்து ஆமையின் தலை பாய்ந்து வரும். 'லபக்!' மீன் போய்விடும்.

"பார்த்தீங்களா அக்கா! என் அலகை ஒருநாளாவது தொட்டிருக்கானா?" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

"மீன்தான் முன்னாலயே விழுந்துடுதே! உன் அலகு அவனுக்கு எதுக்கு?" என்றாள் வெண்ணெற்றி.

அந்தப் பதில் செங்கழுத்தியின் காதில் ஏறவில்லை.

ஆமை மளமளவென்று வளர்ந்தான். தேங்காய் மூடி தாம்பாளம் ஆனது. மழையும் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. செங்கழுத்தி மறுபடி முட்டை இட்டிருந்தாள்.

"அத்தை, வாய்க்கால்ல எங்க ஏரித் தண்ணி வருது. வாசனை தெரியுது. நான் போகட்டுமா?"

செங்கழுத்தி தன் முட்டைகளைப் பார்த்தாள்.

"நீ போயிட்டா பாம்பு வருமேடா! குஞ்சு பொரியட்டும். அப்புறம் போ, என் ராசா!"

"சத்தியம் பண்ணினியே!" என்றான் கூர்மூக்கன்.

"பொரிஞ்சதும் அனுப்பிடறேங்க! அதுவரைக்கும் காவலுக்கு இருக்கட்டும்!"

அவள் பயந்தபடியே பாம்பு வந்தது. கூட்டின் மேல் தலையை வைத்தது. அவ்வளவுதான்! மண்ணாங்கட்டி அதன் நடுவுடலைக் கவ்விவிட்டான். பாம்பு முறுக்கியது, சுழன்றது, துடித்தது. ஆமையின் வாய் திறக்கவே இல்லை. கடைசியில் தோல் கிழிந்து, உயிர் தப்பினால் போதும் என்று அது ஓடியே போனது. அதன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அன்று செங்கழுத்தி நீந்திய நீச்சலைப் பார்க்க வேண்டுமே! குளத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தாள். வெண்ணெற்றி வாயை மூடிக்கொண்டாள். கூர்மூக்கனும் அதன் பிறகு சத்தியத்தை நினைவூட்டவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. கோடுகோடாய்த் தலை, பஞ்சு போல உடம்பு. எல்லாம் அம்மா முதுகில் ஏறிச் சிறகுக்குள் புதைந்துகொண்டன. அதில் கடைசிக் குஞ்சு மட்டும் ஒரு இடத்தில் இருக்காது. சிறகுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்து, "அண்ணே! அண்ணே!" என்று ஆமையைக் கூப்பிடும்.

"அத்தை, குஞ்சு பொரிஞ்சாச்சு. வாய்க்கால்ல தண்ணி குறையுது. போகட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நாள்டா. இதுகளுக்குச் சிறகு முளைக்கட்டும்."

"என் வாயை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு, அத்தை."

"உனக்கென்னடா பயம்! பாம்பையே விரட்டினவன் நீ!"

பாம்புக்கு அஞ்சி அவள் அப்படிச் சொல்லவில்லை. அவனைப் பிரிய முடியாமல்தான் சொன்னாள். அது அவளுக்கும் தெரியும்.

சில நாளில் வாய்க்கால் காய்ந்துபோனது. ஒருநாள் காலை செங்கழுத்தி வழக்கம்போல மீனோடு வந்தாள். குஞ்சுகள் முதுகில் இருந்தன. கூட்டின் ஓரத்தில் நின்றாள். வாயில் மீன் இருந்ததால் கூப்பிடவில்லை. கடைசிக் குஞ்சுதான் கூப்பிட்டது.

"அண்ணே!"

எட்டிப் பார்த்தது. வழுக்கியது. 'பொத்'தென்று தண்ணீரில் விழுந்தது.

அடியிலிருந்து ஆமையின் தலை பாய்ந்து வந்தது.

மீன் இன்னும் செங்கழுத்தியின் அலகிலேயே இருந்தது.

அவள் அலறினாள். மீனை விட்டுவிட்டு ஆமையின் தலையைக் கொத்தினாள். "விடுடா! என் கண்ணு! விடுடா!" என்று கதறினாள். மண்ணாங்கட்டியும் விடத்தான் பார்த்தான். தலையை உதறினான், கரையில் மோதினான். அந்த வாய் திறந்தபோது குஞ்சின் உடம்பில் உயிர் இல்லை.

குளமே கூடிவிட்டது.

"கொலைகாரன்! அடிச்சுத் துரத்துங்க!" என்று கத்தியது கூட்டம். வெண்ணெற்றி மட்டும் கத்தவில்லை. நனைந்து கிடந்த அந்தப் பஞ்சு உடம்பின் மேல் ஒரு தாமரை இலையை இழுத்து மூடினாள். மூடிவிட்டு அழுதாள்.

கூர்மூக்கன் மனைவியைத் திட்டவில்லை. மிச்சமிருந்த குஞ்சுகளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். குளத்தின் மறுகரைக்கு நீந்திப் போனான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அத்தை, நீங்க போட்ட மீன்னு நினைச்சேன்," என்றான் ஆமை. அவன் கண்ணிலும் நீர் வழிந்தது. "என்னைக் கூப்பிட்டது பாப்பான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள வாய் மூடிக்கிச்சு. நான் முதல் நாளே சொன்னேனே, அத்தை!"

"சொன்னேடா. போகட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. நான்தான் உன்னை விடலை!"

"இப்போ போறேன்."

"எப்படிடா போவே? வாய்க்கால் காஞ்சுபோச்சே! மேலே பருந்து சுத்துதே!"

"இங்கே எப்படி இருப்பேன், அத்தை?"



மண்ணாங்கட்டி கரை ஏறினான். வெடித்துக் கிடந்த வாய்க்காலில், வெயிலில், மெல்ல ஊர்ந்து போனான். முக்குளிப்பானுக்குத் தரையில் நடக்க வராது. செங்கழுத்தி வாய்க்காலின் வாய் வரை நீந்தி வந்து, அதற்கு மேல் போக முடியாமல் நின்றாள். பெரிய ஏரி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வாய்க்காலுக்கு மேலே இன்னொரு பருந்தும் வந்து சேர்ந்தது. அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

போக வேண்டிய உயிரைப் போக விடாமல் பாசத்தால் பிடித்து வைப்பவர், அந்த உயிருக்கும் கேடு செய்கிறார், தம்மையே நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கும் கேடு செய்கிறார்.