பின்சீட்டுக்கு ஒரு டம்ளர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிலோமினா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். அவரிடம் பயில வந்தவர்களில் வேதவல்லிதான் வயதில் பெரியவர். ஆசிரியையைவிடவே மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

பயின்றது கணவர் விட்டுச்சென்ற பழைய காரில். அவர் இருந்தவரை வேதவல்லிக்கு இடப்பக்க இருக்கைதான். அவர் போனபின் வண்டி ஓடாமல் நின்றது.

மகன் கபிலன் சொல்லிவிட்டான். "ஓட்டினா வச்சுக்கோம்மா. இல்லன்னா ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து எடுத்துட்டுப் போவார்."

அன்று ஞாயிற்றுக்கிழமை.

மலைப்பாதையின் தொடக்கத்தில் வேதவல்லி இரண்டாவது கியர் போட்டார். வண்டி துள்ளியது. மூன்றாவது போட்டார். உலுக்கி, நின்றேவிட்டது.

"கழுதை மாதிரி உதைக்குது டீச்சர்."

"கிளட்ச்ல இருந்து காலைச் சட்டுன்னு எடுத்தா கழுதைக்குக் கோபம் வராதா?"

"கியர் கம்பியைப் பார்ப்பேனா, காலைப் பார்ப்பேனா? எப்ப மாத்தணும்னே தெரியலையே. அவர் மாத்தறது குளத்துல படகு போற மாதிரி இருக்கும்." வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடுங்க. விக்கட்டும்."

பிலோமினா இருக்கையின் ஓரத்தில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"அதுல என்ன?"

"காபி. மலைக்குப் போறப்ப எடுத்துப்போம். பழக்கம் விடலை."

"இடம் மாறி உக்காருங்க. எனக்கு ஒரு டம்ளர் ஊத்துங்க."

"ஓடற வண்டியிலயா?"

"அவர் நிறுத்துவாரா?"

"அவராவது நிறுத்தறதாவது! பின்சீட்ல கபிலன் அழுதாலும் நிறுத்த மாட்டார். ஓட ஓடத்தான் ஊத்திக் கொடுப்பேன்."

பிலோமினா வண்டியை ஏற்றத்தில் செலுத்தினார். வேதவல்லி மடியில் டம்ளரை வைத்து ஊற்றத் தொடங்கினார். பாதியில் ஃபிளாஸ்க்கை நிமிர்த்தினார். வண்டி இரண்டாவது கியருக்கு மாறியது. மீண்டும் ஊற்றினார். மீண்டும் நிமிர்த்தினார். மூன்றாவது விழுந்தது. டம்ளர் நிரம்பியது. புடவையில் ஒரு சொட்டு இல்லை.

"ஏன் நடுவுல நிறுத்தினீங்க?"

"நீங்க கியர் மாத்தப் போறீங்களே."

"என் கையைப் பார்த்தீங்களா?"

"இல்லையே. டம்ளரைத்தான்..."

வேதவல்லி காதுகொடுத்துக் கேட்டார். இன்ஜின் சத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருடம் காபி ஊற்றியிருந்தார். பின்னாலிருந்து டம்ளருக்காகக் கபிலனின் சின்னக் கை நீளும். ‘வேதா, பிள்ளை மேல கொட்டிடாதே’ என்பார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிலோமினா வண்டியை ஓரம் கட்டினார். "வீட்டுக்கு நீங்க ஓட்டுங்க. டம்ளரை நான் பிடிச்சுக்கறேன்."

"கொட்டிட்டா?"

"என் புடவைதானே."

முதல் கியர் மாற்றத்தில் கொஞ்சம் சிந்தியது. பிலோமினா புடவையைத் துடைத்தார். வேதவல்லி வண்டியை ஓரமாக நிறுத்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரை மறுபடி நிரப்பினார். அதன்பின் கம்பியைப் பார்க்கவில்லை. சத்தம் உயர்ந்தபோது அவர் கை தானாகப் போனது. சூடான பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல கால் கிளட்ச்சை மெதுவாக விட்டது.

வீட்டு வாசலில் கபிலன் நின்றிருந்தான். பக்கத்தில் வண்டி வாங்க வந்தவர். கார் குலுங்காமல் வந்து நின்றது.

கபிலன் ஆசிரியையின் பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

"அம்மாவுக்குக் கியர் மாத்த வந்துடுச்சா டீச்சர்?"

விளிம்புவரை இருந்த டம்ளரை பிலோமினா அவனிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. வர்ற வழியில அம்மா ஊத்தினது."