வாசலில் உட்கார்ந்த சின்னவள்

ரொம்பக் காலத்துக்கு முந்தி இல்லை, போன ஆடி மாசத்தில் ஒரு நாள் காலை. திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் நாச்சம்மா பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் முடிந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டிவிட்டு மடித்து அடுக்க வேண்டும். ஒரு கையில் சின்னக் கத்தரி, மறு கையில் பனியன், மடியில் நூல் குப்பை. கண் மட்டும் மேசை மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தது.

அது இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க்தான் அந்தக் குடித்தனத்துக்கு மூத்தவள். பெரியவள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆறு வருசமாக அந்தப் பெட்டியை எழுப்பி, நடத்தி, படுக்க வைப்பது அவள்தான். ஒரு டம்ளர் காப்பி வேண்டுமென்றாலும் பரணில் இருக்கிற அண்டா குண்டாவையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவள் எழுந்து முடிப்பதற்குள் நாச்சம்மா முப்பது பனியன் வெட்டிவிடுவாள். போதாததற்கு இப்போது ஒரு வாரமாக அவளுக்கு உள்ளே டக்கு டக்கென்று ஒரு சத்தம் வேறு.

அன்றைக்குப் பாலிடெக்னிக் படிக்கிற நாத்தனார் சுகந்தி வந்தாள். கட்டை விரல் அளவு ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தாள்.

"அண்ணி, இதுக்குள்ள ஒரு சின்ன சிஸ்டம் இருக்குதுங்க. தேவையில்லாததை எல்லாம் கழிச்சுட்டு, வேணுங்கறதை மட்டும் வெச்சது. பெரியவ எந்திரிக்கவே வேண்டாம், இதுலிருந்தே கம்ப்யூட்டர் ஓடும்."

சொருகினாள். நாலு பனியன் வெட்டுவதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

"அட, அதுக்குள்ளயா!" என்று நாச்சம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

உள்ளே இருந்த பெரியவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று குத்தியது. ஆறு வருசத்தில் என்னைப் பார்த்து இவள் ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா?

பென்டிரைவாக வந்த சின்னவள் பெட்டிக்கு உள்ளேகூட வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு மஞ்சப்பையை அவிழ்த்து, எல்லா வேலையையும் அங்கிருந்தே பார்த்தாள். எந்தப் பனியனை எப்படி மடிக்கணும் என்று கம்பெனி அனுப்பும் படத்தைக் காட்டினாள். நாச்சம்மாவின் பாப்பா நேத்ராவுக்குப் பாட்டு போட்டாள்.

பெட்டிக்குள் சூட்டை ஆற்றுகிற காத்தாடி சும்மா இருப்பானா? பெரியவள் வேலை செய்யும்போதெல்லாம் மூச்சுவிடாமல் சுற்றினவன், இப்போது காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு உங்களுக்கு லீவாட்டம் இருக்குது?"

"வாயை மூடிட்டுச் சுத்துடா."

"சுத்தறதுக்கே வேலையில்லீங்களே! அந்த அம்மிணி சூடே பண்ணமாட்டேங்குது."

பெரியவள் வாசல் பக்கம் திரும்பினாள். "ஏய் கட்டைவிரலு! உன் வீடு எத்தனை அங்கணம் அகலம்? என் வீட்டுல ஒரு மூலைக்குக் காணமாட்டே. ஒரு பையைத் தூக்கிட்டு வந்தவளுக்கு என்ன இத்தனை தளுக்கு?"

சின்னவளின் முகம் வாடிப்போனது. பெரியவள் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தாள்.

மறுநாள் காலை நாச்சம்மா சுவிட்சைப் போட்டாள். வாசலில் இருந்து குரல் வந்தது. "வணக்கமுங்கக்கா. இங்க புதுசா வந்திருக்கறனுங்க. உங்க பேரென்னங்க?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுத் திட்டினதற்கு இன்றைக்கு இப்படி நக்கல் பண்ணுகிறாளா? நேற்றைவிட இரண்டு மடங்கு திட்டினாள். மூன்றாம் நாளும் அதே சிரித்த முகம், அதே "புதுசா வந்திருக்கறனுங்க".

"அக்கா, அது நக்கல் இல்லீங்க" என்றான் காத்தாடி. "ராத்திரி சுவிட்சை அமத்தி அணைச்சா அந்த அம்மிணிக்கு எல்லாம் மறந்துருமாம். பைக்குள்ள எடுத்து வெச்சது மட்டுந்தான் மிஞ்சுமாம்."

மறந்துபோகுமா? பெரியவளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளுக்கு எதுவுமே மறப்பதில்லை. ஆறு வருசத்தில் நாச்சம்மா தலையில் அடித்துக்கொண்டது, "சனியன், எந்திரிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று வைதது, எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கிறது. இவளோ தினமும் புதுப்பெண் மாதிரி எழுந்திருக்கிறாள். வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மறதியை எப்படிப் பொறுப்பது?

வியாழக்கிழமை சுகந்தி பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"டக்கு டக்குங்குது அண்ணி. ஹார்டு டிஸ்க் போகப்போகுது. அதுல முக்கியமா எதாச்சும் இருக்குதுங்களா?"

நாச்சம்மாவின் கத்தரி நின்றது. "பாப்பா மொதல் மொதலா நடந்த படம் சுகந்தி. போனு தண்ணி டிரம்முல உழுந்து போச்சல்ல? இப்ப அதுல மட்டுந்தான் இருக்குது."

சுகந்தி அண்ணிக்குக் காட்டிக்கொண்டே, அதைப் பென்டிரைவுக்கு மாற்ற மவுஸை அழுத்தினாள்.

சின்னவள் உள்கதவைத் தட்டினாள். "அக்கா, அந்தப் பாப்பா படத்தைக் கொஞ்சம் குடுங்க. என் பையில பத்திரமா வெச்சுக்கறேன்."

பெரியவள் யோசித்தாள். இந்த வீட்டில் என்னிடம் மட்டும் இருப்பது இது ஒன்றுதான். இதையும் கொடுத்துவிட்டால் என்னை யார் தேடுவார்கள்? கொடுக்காவிட்டால் என்னை விடமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் 'படிக்க முடியவில்லை' என்று வந்தது.

"போச்சுங்க அண்ணி" என்றாள் சுகந்தி. "எடுக்கவே முடியாததை எதுக்கு உள்ள வெச்சிருக்கோணும்? சனிக்கிழமை பழைய சாமான்காரர் வருவாரு, கழட்டிப் போட்டர்லாம்."

பெரியவளுக்கு டக்கென்ற சத்தமும் நின்றுவிட்டது. நாச்சம்மா குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். வெட்டின வேகத்தில் கத்தரி நூலை விட்டுவிட்டுத் துணியைக் கடித்தது. நல்ல பனியனில் ஓட்டை. இத்தனை வருசத்தில் அவள் கை ஒரு தடவைகூடத் தவறினதில்லை. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பெரியவளுக்குப் படுத்தும் நிம்மதி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. "வணக்கமுங்கக்கா. இங்க புதுசா வந்திருக்கறனுங்க."

பெரியவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நேற்றுக் கதவைச் சாத்தினது அதற்குத் தெரியாது. மூன்று நாள் திட்டினதும் தெரியாது.

நாச்சம்மா, யாரும் பார்க்காத நேரத்தில், சுகந்தி காட்டிக்கொடுத்த மாதிரியே பயந்து பயந்து மவுஸை நகர்த்தி மறுபடியும் அழுத்தினாள். சின்னவள் உள்கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு பாப்பா படம் இருக்குதாமா. குடுக்கறீங்களா?"

எப்படியும் போகப்போகிறேன், கொடுத்தவள் என்கிற பேராவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள் பெரியவள். இவள் எத்தனை ஓடினாலும் ஆடினாலும் அந்தப் பேர் இவளுக்கு வராது.

"குடுக்கறேன். ஆனா இதை யாரு குடுத்தாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோணும்."

"சத்தியமா மறக்கமாட்டனுங்கக்கா."

பெரியவள் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கதவைத் திறந்தாள். டக்கு, டக்கு. பாதியில் இரண்டு தடவை நின்றாள். "போதுமுங்கக்கா, விட்டுருங்க" என்று காத்தாடிகூடச் சொன்னான். விடவில்லை. ஒரு வழியாகக் கொண்டுவந்து சின்னவள் பையில் போட்டாள்.

திரையில் நேத்ரா நடந்தாள். ஒரு எட்டு, ரெண்டு எட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள். "வா கண்ணு, எங்கிட்ட வா" என்று நாச்சம்மாவின் குரல் கேட்டது. நாச்சம்மா பனியனை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையைத் தொட்டாள். வாசலில் இருந்த சின்னவளைத் தொட்டு, "நீ நல்லா இருப்பே" என்றாள்.

பெரியவளை யாரும் தொடவில்லை. போகட்டும், சின்னவளுக்குத் தெரியுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நாச்சம்மா சுவிட்சைப் போட்டுவிட்டுப் பனியன் கட்டைப் பிரித்தாள்.

"வணக்கமுங்கக்கா. இங்க புதுசா வந்திருக்கறனுங்க. ஏனுங்கக்கா, என் பையில ஒரு பாப்பா நடந்துட்டு இருக்குது. யாரு போட்டாங்கன்னே தெரியலீங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

காத்தாடி சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பெரியவளைப் பார்த்தான்.

வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "அண்ணி!" என்று வெளியிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள். "பழைய சாமான்காரர் வந்துட்டாருங்க. கம்ப்யூட்டரை அமத்துங்க, கழட்டிர்லாம்!"

நாச்சம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவிட்சின் மேல் கை வைத்தாள்.

"தெரியாம என்ன" என்றாள் பெரியவள் அவசர அவசரமாக. "உனக்கு என்னடி தெரியும்? அந்தப் பாப்பா இத்தனை நாளா என் மடியிலதான் நடந்துட்டு இருந்துச்சு. நேத்து அதை உன் பையில கொண்டாந்து போட்டவ—"

டக்கென்று சுவிட்சு அணைந்தது.