கடைசிப் பெயர் கட்டாயம்

"இதோட மூணாவது தடவை மேடம். சோதனையில எல்லாம் பச்சையாத்தான் வருது. இன்னும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிய?"

கேட்டவர் இசக்கிமுத்து. வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் கல்லூரி.

கேட்டுச் சிரித்தவர் ஹமீதா, அவருடைய ஆசிரியை. வயது இருபத்தேழு.

மாணவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை மாணவரை சார் என்பார். வகுப்பு சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

செமஸ்டர் புராஜெக்டுக்கு இன்றுதான் கடைசி நாள். இரண்டு மணிக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். ஹமீதாவின் கையெழுத்து இல்லாததை அவர் தொடமாட்டார். தொடாவிட்டால் இன்னும் ஆறு மாதம்.

இசக்கிமுத்து செய்திருந்தது தண்ணீர் லாரிக்கு ஒரு சர்வர் நிரல். அவர் தெருவுக்கு வாரம் இரண்டு நாள் லாரி வரும். குடச்சண்டைக்குப் பேர்போன தெரு. இனிமேல் போனில் பெயரைப் பதிந்தால் போதும், வரிசை எண் வந்துவிடும்.

முகப்பு என்று பெயருக்கு ஒரு படிவம். மற்றதெல்லாம் பின்னால் ஓடுவது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்தே மனிதருக்குப் புல்லரித்தது. திங்கட்கிழமை முதல் சண்டையே கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார்.

முதல் தடவை காட்டியபோது ஹமீதா கேட்டது இவ்வளவுதான்.

"யார் வந்து பதிஞ்சாங்க சார்?"

கண்டவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார் போல என்று இசக்கிமுத்து நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் உட்கார்ந்து கடவுச்சொல், பூட்டு எல்லாம் போட்டார்.

இரண்டாம் தடவையும் அதே கேள்வி.

கூட்டம் தாங்குமா என்று கேட்கிறார் போல என்று நினைத்தார். இன்னொரு வாரம் உட்கார்ந்தார். இன்று குதித்துக்கொண்டு வந்தார்.

"ஒரே நிமிஷத்துல பத்தாயிரம் பேரு மேடம்! ஒரு ஆளு சிந்தல! பாருங்க, பாருங்க!"

திரையில் பத்தாயிரம் வரிகள் ஓடின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"யாரு இவங்க எல்லாம்?"

"ஜான் ஸ்மித் ஒண்ணு, ஜான் ஸ்மித் ரெண்டு... சோதனைக்குப் போட்டது மேடம்."

"உங்க தெருவுல எத்தனை வீடு?"

"அறுபத்திரெண்டு."

"ஜான் ஸ்மித் எந்த வீடு?"

இசக்கிமுத்து தலையைச் சொறிந்தார். பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஹமீதா மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க வீட்டைப் பதியுங்க சார்."

"இப்பமா?"

"மணி ஒண்ணுதான் ஆகுது."

லாரிக்குப் போகிறவள் மனைவி. ஆகவே 'கோமதி' என்று தட்டிவிட்டு, பதிவு என்ற பொத்தானை ஜம்மென்று அழுத்தினார்.

பச்சை வரவில்லை. சிவப்பு வந்தது.

'தவறான பெயர். கடைசிப் பெயர் கட்டாயம்.'

இசக்கிமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. அந்த வாசகத்தை எழுதியவரே அவர்தான். எந்த ஊர்க்காரரோ நடத்திய பாடத்தை வீடியோவில் பார்த்து, முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம் என்று ஒரு புள்ளி பிசகாமல் இறக்கியிருந்தார்.

"கடைசிப் பெயர்தான மேடம்? இருக்கும். ரேஷன் கார்டுல ஏதாச்சும் போட்டிருப்பான். ஒரு நிமிஷம்."

போனைப் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டார்.

"ஏட்டி கோமு, உம்பேரு என்ன?"

ஆய்வகமே திரும்பியது.

"என்னது?" என்றது போன். "காலைல நல்லாத்தான போனிய? எம்பேரு மறந்துட்டோ?"

"அது இல்லட்டி. முழுப்பேரு சொல்லு."

"கோமதி."

"அதுக்குப் பெறவு?"

"அதுக்குப் பெறவு என்ன? கோமதிதான். லாரிக்காரன்ல இருந்து பால்காரன் வரைக்கும் கேளுங்க, சொல்லுவான்."

"கார்டை எடுத்துப் பாருட்டி. பேருக்குப் பின்னால ஏதாச்சும் போட்டிருக்கா?"

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பின்னால ஒண்ணுமில்ல" என்றாள் கோமதி. "முன்னாலதான் நீங்க நிக்கியளே, 'இ'ன்னு!"

இசக்கிமுத்து வெடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை, அந்தக் 'கட்டாயம்' வரியை அழிக்க, கை அதற்குள் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

ஹமீதா பேனாவைத் திறந்து, ரெக்கார்டு நோட்டை இழுத்தார்.

"எந்தப் பக்கத்துல கையெழுத்துப் போடணும் சார்?"

"சும்மா இருங்க மேடம்" என்றார் இசக்கிமுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல எம்பொண்டாட்டி உள்ள வரட்டும்."