நல்ல பேர் வாங்கிய நடுவர்

வேங்கைக் காட்டில் நெடுங்கையன் என்ற கருங்குரங்கு இருந்தான். பந்தாட்டம்தான் அவனுக்குத் தொழில்.

அந்தக் காட்டில் இரண்டு கூட்டம். மேலே வசித்தவர்கள் மேட்டுக்காட்டார். கீழே வசித்தவர்கள் பள்ளக்காட்டார். நடுவில் ஒரே ஒரு சுனை. கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். இரவெல்லாம் சுனையில் ஊறும் தண்ணீரைக் காலையில் யார் முதலில் குடிப்பது என்று வருடா வருடம் அடிதடி. கடிபட்டுச் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"இனிமே கடிச்சுக்க வேண்டாம், பந்து ஆடுவோம்! ஜெயிச்சவங்க அந்தக் கோடை முழுக்கக் காலையில குடிக்கட்டும். தோத்தவங்க மத்தியானம் குடிக்கட்டும்!"

மத்தியானம் சுனையில் சேறுதான் இருக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

வேங்கை மரக் கிளையில், கொடியால் பின்னிய அடியில்லாத கூடை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். முதலில் பத்துக் கூடை போட்டவர்களுக்கு வெற்றி. தரையில் கோடு கிழித்தால் ஓடுகிற காலில் அழிந்துபோகிறது என்று எறும்புகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பந்தை எறிய வேண்டும். கோட்டை மிதித்தால் கூடை செல்லாது. பந்தும் எதிராளிக்குப் போய்விடும்.

நெடுங்கையன் மேட்டுக்காட்டுக்காகப் பதினோரு கோடை ஆடினான். கூலியாக அத்திப்பழமும் தளிரும் அவன் மரத்தடிக்கே வந்துவிடும். மூக்காயி என்ற காட்டுப்பன்றி மூக்கால் பந்தை உந்திக் கொடுப்பாள். அவன் எட்டிப் பிடித்துக் கூடையில் போடுவான். பதினோரு கோடையில் ஒன்பது கோடை மேட்டுக்காடு காலைத் தண்ணீர் குடித்தது.

பிறகு ஒருநாள் கிளை முறிந்து விழுந்தான். தோள் போயிற்று. கை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் மேலே போகவில்லை.

"ஆட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவன். நடுவரா நிக்கட்டுமே!" என்றாள் மூக்காயி. இரண்டு கூட்டமும் தலையாட்டின. மூங்கில் ஊதல் ஒன்றை அவன் கழுத்தில் மாட்டினார்கள்.

பள்ளக்காட்டுக்குத் தலைவன் சுருளி என்ற நரி. எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டியவன்தான், வீட்டுக்குப் போய் யோசித்தான். லஞ்சம் கொடுத்தால் வெளியே தெரிந்துவிடும். மிரட்டினால் குரங்கு மரமேறிவிடும். சுருளி இரண்டையும் செய்யவில்லை. ஒரு மயிலைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. பதினோரு வருஷம் அவங்க பழத்தைத் தின்னவன், நினைக்காமலா இருப்பான்? அவனைக் குத்தம் சொல்ல முடியாது, பாவம்!"

மயில் அதைக் காடு முழுக்கக் கூவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பேச்சு நெடுங்கையன் காதுக்கும் வந்தது. கைதட்டல் கேட்டே வளர்ந்தவன் அவன். ஏச்சுக் கேட்டுப் பழக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "என்னையா? என்னையா இப்படிப் பேசுகிறார்கள்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு திரிந்தான்.

அந்த வருடம் மழை பொய்த்தது. மூக்காயி ஐந்து குட்டி போட்டிருந்தாள். ஆட்டத்தன்று காலையில் அவள் நெடுங்கையனிடம் வந்தாள்.

"அண்ணே, குட்டிங்க சேத்துத் தண்ணி குடிச்சாப் பொழைக்காது. உன்கிட்ட உதவி கேட்டு வரல. கண்ணால பார்த்ததை ஊது, அது போதும்."

"போ, போ! என்கிட்டப் பேசாதே! யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க!" என்று விரட்டினான் நெடுங்கையன்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது கூடை. அடுத்த கூடை போடுகிறவர்களுக்குக் காலைத் தண்ணீர். பந்து மூக்காயியிடம் வந்தது. அவள் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நின்று மூக்கால் உந்தினாள். பந்து கூடைக்குள் விழுந்தது!

"மிதிச்சுட்டா! கோட்டை மிதிச்சுட்டா!" என்று கத்தினான் சுருளி.

ஓர் எறும்புகூட நசுங்கவில்லை. எறும்புகளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும். நெடுங்கையனோ கேட்கவே வேண்டாம், அவள் காலுக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் காடே இப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடை செல்லும் என்று சொன்னால், 'பார்த்தாயா, சொன்னோமே!' என்பார்கள்.

ஊதிவிட்டான்.

"செல்லாது! பந்து பள்ளக்காட்டுக்கு!"

பள்ளக்காட்டார் எறிந்தார்கள். பத்தாவது கூடை விழுந்தது.

"ஆகா! சொந்தக் கூட்டம் என்றுகூடப் பார்க்கவில்லை! இவனல்லவா நடுவர்!" என்று காடு அதிரக் கைதட்டினார்கள். சுருளிதான் எல்லாரையும்விட உரக்கத் தட்டினான்.

மூக்காயி மெல்ல நடந்து வந்தாள். "அண்ணே, நீ என் காலைப் பார்த்தியா, ஊர் வாயைப் பார்த்தியா?"

"நடுவர் சொன்னா சொன்னதுதான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் நெடுங்கையன்.

வெயில் ஏறியது. மேட்டுக்காட்டார் தினமும் மத்தியானம் வரை காத்துக் கிடந்தார்கள். கடைசியில் சேற்றை நக்கினார்கள். மூக்காயியின் குட்டிகளுக்கு வயிறு ஊதியது. முதல் வாரம் ஒன்று போயிற்று. அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு. அவள் மூக்கால் குழி பறித்து, தானே மண்ணைத் தள்ளி மூடினாள். மரத்தின் மேல் உட்கார்ந்து நெடுங்கையன் அதைப் பார்த்தான். கீழே போகிறவர்கள் எல்லாரும் "கும்பிடறோம், நியாயவானே!" என்று சொல்லிப் போனார்கள். அந்தச் சொல் அவனைச் சுட்டது.

அவனால் பொறுக்க முடியவில்லை. இறங்கி ஓடி இரண்டு கூட்டத்தையும் கூட்டினான்.

"நான் பொய்யா ஊதினேன்! மூக்காயி கோட்டை மிதிக்கல! என் கண்ணால பார்த்தேன். கூடை செல்லும். காலைத் தண்ணி மேட்டுக்காட்டுக்குத்தான்!"

கூட்டம் திகைத்து நின்றது. சுருளி மட்டும் சிரித்தான்.

"பார்த்தீங்களா? குட்டிங்க செத்ததும் பழைய பாசம் பொங்கிடுச்சு! தன் பேரையே கெடுத்துக்கிட்டு அவங்களுக்குத் தண்ணி வாங்கித் தரப் பார்க்கிறான். நல்ல மனசு! ஆனா அன்னிக்கு ஊதினதுதான் நியாயம்."

"ஆமாம், ஆமாம்! பாவம், இளகின மனசு!" என்றார்கள் பள்ளக்காட்டார், மேட்டுக்காட்டாரின் குரல் அமுங்கும்படி.

"ஐயோ, நிஜமாச் சொல்றேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் நெடுங்கையன். அவன் அழ அழ, அவர்களுக்கு அவன் மேல் இரக்கம்தான் கூடியது. எறும்புகளைக் கேளுங்கள் என்றான். எறும்புகள் எப்போதோ புற்றுக்குள் போய்விட்டிருந்தன.

மூக்காயி மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, தண்ணீர் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத மலைப்பக்கம் நடந்தாள். நெடுங்கையன் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை கூட்டம் கலைவதற்கு முன், அடுத்த வருடமும் நெடுங்கையனே நடுவர் என்று சுருளி முன்மொழிந்தான். எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

தன்னவருக்குச் சாதகம் செய்தான் என்ற பேச்சுக்கு அஞ்சி, அவர்களுக்கு உரிய நியாயத்தை மறுப்பவன் செய்வதும் ஓரவஞ்சனையே.