கீறல்கூட இல்லாத சக்கரம்

"இரும்பு வீல் இனி வேண்டவே வேண்டாம், வாத்தியாரம்மா. அலாய் மாட்டிட்டேன். சரியா தப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு தவசி கேட்டது இதைத்தான்.

கேட்டவருக்கு வயது அறுபது. பதில் சொல்ல வேண்டிய ஜெசிந்தாவுக்கு முப்பத்துநாலு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தவசி சமவெளியில் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று மனைவியின் ஊரான மேல்முடிக்கு வந்தார். ஒரு பழைய ஜீப்பை வாங்கி, முதல் வாரமே ஓடைக்குள் இறக்கிவிட்டார். அதைக் கரையேற்றியவள் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் ஜெசிந்தா. அன்றிலிருந்து அவள்தான் அவருக்கு வாத்தியார். ஸ்டாண்டில் எல்லோரும் கேலி பண்ணினோம். பஞ்சர் ஒட்டுகிற நான்கூடப் பண்ணினேன். மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலைப்பாதையில் ஓட்டப் பழகியது ஆசைக்கு இல்லை. அவர் மனைவி ஒச்சம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டவுனில் டயாலிசிஸ். வழி முழுக்கக் கல்லும் பள்ளமும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

அன்று வெள்ளி. செவ்வாயன்று மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் போக முடியவில்லை. இன்றைக்கும் விட்டால் தாங்காது என்று நர்ஸ் போனிலேயே சொல்லிவிட்டார். பத்தரைக்குள் அங்கே இருக்க வேண்டும். ஸ்டாண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அப்போது மணி எட்டே கால்.

ஒச்சம்மாள் முன்சீட்டில் இருந்தார். முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கல். எப்படி இருக்கீங்க என்றேன். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்றார். எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

தவசி இரும்பின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார். ஒரே மாதத்தில் மூன்று தடவை நெளிந்துவிட்டதாம். நெளிந்தால் ஸ்டீயரிங் உதறும், காற்று இறங்கும், நடுவழியில் நிறுத்திச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டும். நோயாளியை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு எத்தனை தடவை தட்டுவது? அதனால்தான் டவுனில் அலுமினியக் கலவையில் வார்த்த பழைய அலாய் வீல் இரண்டு வாங்கி முன்னால் மாட்டினாராம்.

"இப்ப வர்ற வழியில இடது வீல் ஒரு பாறையில மொத்துச்சு. சரியான அடி. இறங்கிப் பாத்தேன், கீறல்கூட இல்ல. இரும்பா இருந்தா அப்பளம்."

நானும் குனிந்து பார்த்தேன். புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. நல்ல சரக்கு என்றேன்.

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"சக்கரத்தைக் கழட்டுங்க."

தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. யோசனை கேட்டால் வண்டியைப் பிரிக்கச் சொல்கிறீர்களே, மணி என்ன தெரியுமா என்று கத்தினார். அப்படியானால் உங்கள் ஜீப்பைக் கொடுங்கள் என்றார். அவள் ஜீப் முந்தின நாளே கியர்பாக்ஸ் இறக்கி ஸ்டாண்டிலேயே முடமாகக் கிடந்தது. மற்ற ஜீப்புகள் விடியும்போதே போய்விட்டன.

அவள் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

ஒச்சம்மாளை இறங்கச் சொன்னோம். நான் என்ன அவ்வளவு பாரமா, இப்படியே இருக்கேன் என்றார். இறங்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் மேலே தெரியப் படுக்க வைத்தாள். என் கடையிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். கொஞ்ச நேரம் விட்டு, துளி ஈரம் இல்லாமல் துணியால் துடைத்தாள். பிறகு ஒச்சம்மாளிடம் போய்ப் பவுடர் டப்பாவைக் கேட்டாள்.

தவசி தலையில் அடித்துக்கொண்டார். பொண்டாட்டி உசுரு ஊசலாடுது, நீ சக்கரத்துக்குப் பவுடர் பூசுறியா என்றார். முதல் தடவையாக அவளை நீ என்றார்.

அவள் பூசி முடித்துக் கை கட்டி நின்றாள். நாங்களும் நின்றோம். அஞ்சு நிமிஷம் போனது.

வெள்ளைப் பவுடரில் ஓர் ஈரக் கோடு எழுந்தது. முடி அளவுதான். நட்டுத் துளையில் ஆரம்பித்து, ஓரம் வரை மெல்ல மெல்ல நீண்டது. விரிசலுக்குள் போய் ஒளிந்திருந்த மண்ணெண்ணெயைப் பவுடர் இழுத்துக்கொண்டிருந்தது.

தவசி குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கீழே மூன்றாவது வளைவில் பாரம் முழுக்க இடது சக்கரத்தில்தான் விழும்; விரிசல் விட்டது அங்கே பிளந்துவிடும். அதற்கு மேலேதான் ஒச்சம்மாளின் சீட். நல்ல சரக்கு என்று சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது.

"இரும்புதான் ஒசத்தின்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் தவசி.

"ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்லண்ணே. இரும்பு அடி பட்டா சொல்லிரும். இது சொல்லாது. நாமதான் கேக்கணும்."

சொல்லிவிட்டுத் தன் ஜீப்பின் இரும்புச் சக்கரம் இரண்டைக் கழற்றி வந்து மாட்டினாள். அலாய்க்குப் போட்ட நட்டு இதற்கு உட்காராது என்று நட்டையும் தன்னுடையதையே போட்டாள். மணி எட்டு அம்பது.

தவசி ஏறினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடியது.

வண்டி நகரவில்லை. அவர் பார்வை ஒச்சம்மாளின் பவுடர் முகத்தில் நின்றிருந்தது.

அவர் என்ஜினை அணைத்தார். இறங்கினார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

"ஒச்சு, காலைக் காட்டு."

"காலுக்கென்ன? நேரமாச்சு, எடுங்க." சேலையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

தவசி மண்ணில் முழங்கால் போட்டு, சேலை ஓரத்தை விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். நீர் கோத்த கால்; குழி அப்படியே இருந்தது.

"மூச்சு எப்படி இருக்கு?"

ஒச்சம்மாள் ஜெசிந்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமையிலேருந்து படுக்க முடியலங்க. படுத்தா மூச்சு அடைக்குது. நீங்க அசந்து தூங்குறீங்களேன்னு செவுத்துல சாஞ்சே உக்காந்திருந்தேன்."

தவசி எழுந்தார். சாவியை ஜெசிந்தாவின் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க, வாத்தியாரம்மா. நான் பின்னால உக்காந்து இவகிட்ட கேட்டுக்கிட்டே வர்றேன்."