திறக்க மறுத்த அடுப்பு

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், நிறைமதி அம்மாவின் குடில் இருந்தது. அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட வடிவாம்பாளுக்கு அறுபது இருக்கும். அவள் அவரை "அம்மா" என்பாள். அவர் அவளை "வடிவக்கா" என்பார்.

வடிவாம்பாளின் ஒரே மகள் பொன்னரசிக்குக் குடிலிலேயே கல்யாணம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, வடக்கே பிலாஸ்பூரில். நல்ல பையன். பொன்னரசிக்கு அவனைப் பிடித்திருந்தது, வடிவாம்பாளுக்கும் பிடித்திருந்தது. பிலாஸ்பூரைத்தான் பிடிக்கவில்லை.

"அங்க குளிருமாமே" என்பாள். "அந்தப் பாஷை உனக்கு வருமா?" என்பாள். "மாற்றல் கேட்கச் சொல்லேன்" என்பாள். சாப்பிடும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பொன்னரசி கையிலிருந்த புடவையை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"நான் போகலம்மா. கல்யாணமே வேண்டாம். போதுமா?"

வடிவாம்பாள் பதறிப்போனாள். அவள் கேட்டது அதுவல்ல. ஓடிப்போய் நிறைமதி அம்மாவிடம் நின்றாள்.

"பொண்ணை அவ்வளவு தூரம் எப்படீங்க அனுப்புறது? எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பந்திக்கு என்ன பலகாரம் அக்கா?"

"தேங்காய் பன்னுங்க. அவளுக்குப் பிடிக்கும்."

"எனக்கும்தான்" என்றார் அம்மா. அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

குடிலின் சமையற்கட்டில் பெரிய அடுப்பு ஒன்று இருந்தது. மேலே எரிவாயு பர்னர்கள், கீழே மின்சாரத்தில் சூடாகும் ஓவன். ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே கடும் சூடேறி, ஒட்டிய பிசுக்கெல்லாம் சாம்பலாகிவிடும். அது முடிந்து ஆறும்வரை கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும். கல்யாண பன் சுடும் அடுப்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று வடிவாம்பாள் அன்று சாயங்காலம் அந்தப் பொத்தானை அழுத்தினாள். பாதியில் கரண்ட் போய்விட்டது.

காலையில் கரண்ட் இருந்தது. ஓவன் ஆறிக் கிடந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பூட்டு அடையாளம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்றது. தட்டு தட்டாக மாவு பொங்கிக் காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

வடிவாம்பாள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு காலை அடுப்பில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். தோசைத்திருப்பியை இடுக்கில் விட்டு நெம்பினாள். அது வளைந்ததுதான் மிச்சம்.

"உனக்கு என்னடா கேடு!" என்று அடுப்பைத் திட்டினாள். பிறகு, "ராசா, இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்துடா" என்று கெஞ்சினாள்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோட சண்டை அக்கா?"

"பூட்டிக்கிட்டு விடமாட்டேங்குதுங்கம்மா!"

அம்மா கதவைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்.

"ஒரு டீ குடிப்போமா?"

"மாவு புளிச்சுரும்!"

"டீ குடிக்கிற நேரத்துலயா?"

இருவரும் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள். வடிவாம்பாள் நாக்கைச் சுட்டுக்கொண்டாள். அம்மா எழுந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு மறுபடி மினுக்கியது. வடிவாம்பாள் பாய்ந்து கைப்பிடியை இழுத்தாள். உள்ளே 'ர்ர்ர்' என்று ஏதோ சுற்ற முயன்று நின்றுவிட்டது.

"அக்கா, தள்ளுங்க."

"நகரணுமாங்க?"

"கதவைத் தள்ளுங்க. உள்பக்கமா."

"திறக்கணும்ங்கம்மா, மூடக் கூடாது!"

"தள்ளுங்களேன்."

வடிவாம்பாள் அரைமனதோடு இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். "இன்னும் கொஞ்சம்" என்றார் அம்மா. இடுப்பைக் கொடுத்து அழுத்தினாள். அம்மா, நிறுத்தும் பொத்தானைத் தொட்டார்.

ர்ர்ர்ர்... டக்.

சிவப்பு விளக்கு அணைந்தது. வடிவாம்பாள் கையை எடுத்ததும் கதவு வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

"ஐயோ!" என்று கத்தினாள். அம்மா கைகொட்டிச் சிரித்தார். இருவருமாகச் சிரித்ததில் டீ டம்ளர் உருண்டது.

"தள்ளினாத் திறக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அக்கா. இழுக்கிறதை நீங்க முடிச்சிட்டீங்க. மிச்சம் அது ஒண்ணுதானே."

பிறகு அம்மா குனிந்து, கதவின் மேல்விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியை விரலால் காட்டினார்.

"பாருங்க, இதுதான் கதவைப் பிடிச்சிக்கிட்டிருந்தது. விலகத்தான் பார்த்திருக்கு. நீங்க இழுக்க இழுக்க, பாவம், அதால நகர முடியல."

வடிவாம்பாள் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. தட்டுகளை உள்ளே தள்ளினாள், சூட்டைத் திருகி வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பொன்னரசி கல்யாணப் புடவை கட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. வடிவாம்பாள் உள்ளே வந்தாள். கீழே உட்கார்ந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அடியில் தன்னுடைய கம்பளிச் சால்வையை வைத்தாள். அதன்மேல் புடவைகள். ஓரத்தில் ஊறுகாய் பாட்டில்.

"என்னம்மா பண்ற?"

"அங்க குளிருமாமே."

வழக்கமான அதே பேச்சுதான். ஆனால் பொன்னரசி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊறுகாய் கொட்டிரும்மா. மேல வை."

"நீ வந்து வை. நான் எப்ப சரியா வச்சிருக்கேன்?"

பொன்னரசி இறங்கி வந்து உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். பாதிப் பெட்டி நிறைந்தபோது மகள் சொன்னாள்:

"தீபாவளிக்கு அவர்கிட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன். நீ சண்டை போட்டுட்டே இருந்தியா, சொல்லவே தோணல."

"யாருக்கு டிக்கெட்? வர்றதுக்கா?"

"நாங்க வர்றதுக்கு. பொங்கலுக்கு நீ அங்க வர்றதுக்கு."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "புடவையைக் கட்டுடீ!" என்று அலறினாள் வடிவாம்பாள்.

தாலி கட்டியாயிற்று. பந்தியில் தேங்காய் பன்தான் முதலில் தீர்ந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பல் இல்லாத வாயால் மூன்றாவது கேட்டார். வடிவாம்பாள் அடுத்த தட்டை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில் அம்மாவின் இலைக்கு முன் நின்றாள். முகம் மலர்ந்திருந்தது, கண் நிறைந்திருந்தது.

"பெட்டியை நானே கட்டிக் கொடுத்துட்டேங்கம்மா. சந்தோஷமாத்தான் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மனசு இன்னும் இழுக்குதே. என்ன பண்ண?"

அம்மா இலையைச் சற்று முன்னால் நகர்த்தினார்.

"மனசு இழுத்தா இழுக்கட்டும் அக்கா. கை பன்னு வைக்கட்டும்."