தங்க எழுத்து மேனேஜர்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே மேனேஜர் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். கேட்டலாக் அனுப்பும் பெரிய கவர்களின் முன்பக்கம் முழுக்கத் தன் பெயரையும் கம்பெனி முகவரியையும் தங்க எழுத்தில் அச்சடித்தார். வாடிக்கையாளர் முகவரியை ஓரத்தில் சின்னதாக ஒட்டச் சொன்னார்.

"தபால் பிரிக்கிற மெஷின் குழம்பிடுங்க சார்" என்றாள் தபால் பிரிவு ஞானசௌந்தரி.

"ஒட்டுற வேலையை மட்டும் பாரு."

நாலாம் நாள் ஐயாயிரம் கவரும் கம்பெனி வாசலுக்கே வந்து இறங்கின. மேனேஜர் முதலாளியம்மாவிடம் ஓடினார். "இவ ஒட்டின லட்சணம் மேடம்."

"மெஷின் மேல தப்பில்லீங்க" என்றாள் ஞானசௌந்தரி. "யார் பேரு பெருசா இருந்துச்சோ, அவருகிட்டயே கொண்டாந்து சேர்த்திருச்சு."

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேனேஜருக்கு முகம் சிவந்தது.

"வேற கவர் கிடையாது. என் எழுத்தை மறைக்கக் கூடாது, ஒரு கீறலும் விழக் கூடாது. நாளைக்குள்ள அத்தனையும் அனுப்பு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

ஞானசௌந்தரி ஒரு கவரைக் குப்புறத் திருப்பினாள். ஒன்றும் அச்சிடாத பின்பக்கத்தின் நடுவில் புது முகவரிச் சீட்டைப் பளிச்சென்று ஒட்டினாள். தபால் முத்திரைக்கும் அங்கேயே இடம் விட்டாள்.

"இனிமே இதுதாங்க முன்பக்கம்."

"அடுத்த கவர் எப்படி இருக்கணும்னு நீயே சொல்லிடும்மா" என்றார் முதலாளியம்மா.

அந்த வாரமே ஐயாயிரம் கவரும் போய்ச் சேர்ந்தன. மேனேஜரின் தங்க எழுத்தும் ஒரு கீறல் இல்லாமல், ஊர் ஊராகக் குப்புறப் படுத்துக்கொண்டே போனது.